இடித்தும் விழாத இரண்டு கோபுரங்கள்: கிளாஸ்கோ ரெட் ரோடு குடியிருப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் வடகிழக்கில், பார்முல்லக், பலோர்னக் பகுதிகளில் ஏறக்குறைய 2,500 பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. ரெட் ரோடு குடியிருப்பில் மிச்சமிருந்த ஆறு கட்டடங்களை ஒரே மூச்சில் வெடி வைத்து வீழ்த்தத் திட்டம். சுற்றிலும் மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது. வெடி வெடித்தது, புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது நான்குதான் தரைமட்டமாகியிருந்தன. மற்ற இரண்டும் கீழ்மாடிகளை இழந்து இறங்கி, பத்து மாடி உயரத்துக்குச் சாய்ந்தபடி நின்றன. அப்புறம் நீண்ட கை கொண்ட இயந்திரங்களைக் கொண்டுவந்து அவற்றைப் பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்தவர்கள் பலர் சிரித்தார்கள். "கட்டியதுதான் சரியில்லை, இடிப்பதாவது சரியாக இருக்கக்கூடாதா" என்கிற மாதிரி. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த இரண்டு கட்டடங்கள் ஏன் விழாமல் நின்றன என்று தேடிக்கொண்டு போனால், அவற்றை ஏன் கட்டினார்கள், ஏன் அப்படிக் கட்டினார்கள், ஐம்பது ஆண்டுகூட ஆகாமல் ஏன் இடித்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிடுகின்றன. இந்த ஆய்வு அந்த வரிசையில்தான் போகிறது.

"உயரமான கட்டடத்தில் மனிதர்கள் வாழ முடியாது, அதனால் ரெட் ரோடு தோற்றது" என்பது பரவலாகச் சொல்லப்படும் தீர்ப்பு. அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கட்சி. முப்பத்தோரு மாடிக் கட்டடம் என்பது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஓர் இயந்திரம். கிளாஸ்கோ மாநகராட்சி அதை வீடு என்று நினைத்து வாங்கிவிட்டது. இயந்திரத்துக்கு எண்ணெய் விட யாரும் பணம் ஒதுக்கவில்லை.

ஒற்றை அறையிலிருந்து

முதலில், மக்கள் எங்கிருந்து அங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். கிளாஸ்கோவின் பழைய குடியிருப்பு வடிவத்துக்கு டெனமென்ட் என்று பெயர். மணற்கல்லில் கட்டிய மூன்று அல்லது நான்கு மாடி வீட்டு வரிசை, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பொதுப் படிக்கட்டு. அந்தப் பொது வழியை உள்ளூரில் 'க்ளோஸ்' என்பார்கள். பின்புறம் பொது முற்றம். நல்ல பகுதிகளில் இவை விசாலமான, அழகான வீடுகள். இன்றும் விலை அதிகம். ஆனால் கோர்பல்ஸ், கவ்கேடன்ஸ் போன்ற இடங்களில் ஒரே அறையில் ஒரு குடும்பம். அதற்கு 'சிங்கிள் எண்ட்' என்று பெயர். சுவரில் ஒரு குழி போட்டு அதில் கட்டில். கழிப்பறை படிக்கட்டின் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. துணி துவைக்க 'ஸ்டீமி' எனப்படும் பொதுச் சலவைக்கூடத்துக்குத் தள்ளுவண்டியில் மூட்டையோடு போக வேண்டும். 1951 கணக்கெடுப்பின்போது நகரத்து வீடுகளில் ஏறக்குறைய பாதி ஒன்றிரண்டு அறைகளுக்கு மேல் இல்லாதவை. அப்போது அங்கே மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல்.

இதை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான் சண்டை. 1945இல் நகரப் பொறியாளர் ராபர்ட் புரூஸ் ஒரு திட்டம் கொடுத்தார்: நகர மையத்தையே பெரும்பாலும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், மக்களை நகர எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே பாட்ரிக் அபர்குரோம்பியும் ராபர்ட் மேத்யூவும் தயாரித்த கிளைடு பள்ளத்தாக்குத் திட்டம் நேர் எதிராகச் சொன்னது: நகரத்துக்குள் இத்தனை பேர் வேண்டாம், லட்சக்கணக்கானவர்களை வெளியே புதுநகரங்களுக்கு அனுப்புங்கள். மைய அரசு இரண்டாவதன் பக்கம். ஈஸ்ட் கில்பிரைட் 1947இல் புதுநகராக அறிவிக்கப்பட்டது, கம்பர்னால்டு 1955இல். மாநகராட்சிக்கு இது கசந்தது. ஆள் போனால் வரி போகும், வாக்கு போகும், செல்வாக்கு போகும்.

சரி, ஆட்களை வைத்துக்கொள்வது எங்கே? நகர ஓரத்தில் டிரம்சாப்பல், ஈஸ்டர்ஹவுஸ், காசல்மில்க், பொல்லக் என்று பெரிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றோடு காலி நிலம் தீர்ந்துகொண்டே வந்தது. அதற்கப்பால் பசுமை வளையம், அங்கே கட்ட அனுமதி இல்லை. 1957இல் மாநகராட்சி 29 பகுதிகளை முழுமையாக இடித்துக் கட்ட வேண்டியவை என்று குறித்தது. இடித்தால் அங்கிருப்பவர்களை முதலில் வேறெங்காவது வைக்க வேண்டுமே. மிச்சம் ஒரே திசைதான்.

1961இல் வீட்டுவசதிக் குழுவின் தலைவராக வந்த டேவிட் கிப்சன் அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டார். சுயநலக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஒற்றை அறைக் குடும்பங்களை நேரில் பார்த்து வெந்துபோனவர், பழைய சோஷலிஸ்ட். ஒரு நாள் தாமதமும் பாவம் என்கிற வேகம் அவருக்கு. எங்கே சிறு துண்டு நிலம் கிடைத்தாலும் அதில் கோபுரம். 1964இல் அவர் இறந்தபோது நகரம் முழுக்கக் கிரேன்கள் நின்றன. 1970களுக்குள் கிளாஸ்கோவில் சுமார் 300 உயர்மாடிக் கட்டடங்கள். உள்ளூர்க்காரர்கள் அவற்றை 'ஹை ஃப்ளாட்ஸ்' என்றார்கள், இன்றும் அப்படித்தான். அந்தக் காலத்தில் மாநகராட்சியின் வெற்றிக்கு ஒரே அளவுகோல், ஆண்டுக்கு எத்தனை வீடு முடிந்தது என்பது. இந்த எண்ணிக்கை வெறியைத் திட்டுவது சுலபம். படிக்கட்டுக் கழிப்பறைக்கு இரவில் மெழுகுவர்த்தியோடு போன குடும்பத்திடம் போய்த் திட்டினால் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

எஃகு என்கிற முடிவு

ரெட் ரோட்டுக்கு முதலில் போட்ட திட்டம் நான்கு மாடியைத் தாண்டாதது. அது எட்டுக் கோபுரங்களாக மாறியது. ஆறு கட்டடங்கள் 31 மாடி, 89 மீட்டர் உயரம். இரண்டு அகலமான கட்டடங்கள் 28 மாடி. மொத்தம் 1,300க்கும் மேற்பட்ட வீடுகள், 4,700 பேருக்கு இடம். 1964இல் தொடங்கி 1969இல் முடிந்தது. எழுந்த காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக உயரமான குடியிருப்புகளில் அவை சேர்ந்தவை என்று நகரம் பெருமைப்பட்டது.

வடிவமைத்தவர் சாம் பன்டன். கிளாஸ்கோவின் மற்றக் கோபுரங்கள் பெரும்பாலும் கான்கிரீட். தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டுவந்து அடுக்குவது, அல்லது இடத்திலேயே வார்ப்பது. பன்டன் எஃகுச் சட்டகம் வைத்தார், நியூயார்க் வானளாவிகளைப் போல. கட்டும் வேலையை மாநகராட்சியின் சொந்தத் தொழிலாளர் பிரிவே எடுத்துக்கொண்டது.

இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்பும் சங்கிலியைப் பாருங்கள். கான்கிரீட் தன்னைத் தானே தீயிலிருந்து ஓரளவு காத்துக்கொள்ளும். வெறும் எஃகு அப்படியில்லை. 500, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். சாதாரண வீட்டுத் தீயே அந்தச் சூட்டைத் தாண்டும். அதனால் ஒவ்வொரு தூணையும் உத்தரத்தையும் தீ தாங்கும் பொருளால் மூட வேண்டும். 1960களில் அதற்கு மலிவாக, எடை குறைவாகக் கிடைத்தது ஆஸ்பெஸ்டாஸ் பலகை. எட்டுக் கட்டடங்களிலும் அதை அறுத்து அறுத்துப் பொருத்தினார்கள். அறுத்தவர்கள் தச்சர்கள், சுற்றி நின்றவர்கள் மற்றத் தொழிலாளர்கள். எல்லோரும் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நோய் உடனே காட்டாது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலில் வந்து நிற்கும். ரெட் ரோட்டில் வேலை செய்தவர்களில் பலருக்கு அப்படித்தான் வந்தது. கப்பல் கட்டும் தளங்களால் ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் நோயில் பெயர் வாங்கிய கிளைடு ஆற்றங்கரையில் இதுவும் சேர்ந்துகொண்டது.

சங்கிலி அதோடு முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்து என்று ஊரறிந்த பிறகு, அங்கே ஒரு சுவரில் ஆணி அடிப்பதுகூட அச்சத்துக்குரியதாயிற்று. எந்தப் பழுதுபார்ப்பும் கூடுதல் செலவு, கூடுதல் தயக்கம். 1980களில் பெரும் செலவில் சீர்திருத்தம் நடந்தது. வெளிப்பக்கம் வண்ணத் தகடுகள் ஏறின. கடைசியில் இடிக்கும்போதும், வெடி வைப்பதற்கு முன் உள்ளேயிருந்ததை மாதக்கணக்கில் உரித்தெடுக்க வேண்டியிருந்தது.

இடிப்பிலும் எஃகு தன் குணத்தைக் காட்டியது. கான்கிரீட் தூணில் துளையிட்டு வெடிமருந்தை அடைத்தால் அது நொறுங்கிவிடும். எஃகு நொறுங்காது, வளையும். அதை வெட்டுவதற்கென்றே வடிவமைத்த வெடிகளை வைத்துத் துண்டாக அறுக்க வேண்டும். முன்கூட்டியே பல இடங்களில் பலவீனப்படுத்தியும் வைக்க வேண்டும். ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த சட்டகம், சில மாடிகள் அறுந்தாலும் மேலே உள்ளதைப் பிடித்துக்கொண்டு மொத்தமாக இறங்கி உட்கார்ந்துவிடக்கூடும். 2015இல் உலகம் பார்த்தது அப்படி உட்கார்ந்துவிட்ட இரண்டு கட்டடங்களை. 1964இல் வரைபலகையில் எடுத்த முடிவு ஐம்பத்தோராவது ஆண்டிலும் வேலை செய்துகொண்டிருந்தது.

லிஃப்டும் ஜாம் ரொட்டியும்

முதலில் குடிவந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்குள்ளேயே குளியலறை. குழாயைத் திறந்தால் வெந்நீர். குழந்தைகளுக்குத் தனி அறை. ஜன்னலில் வடக்கே காம்ப்ஸி மலைகள். ஒற்றை அறையிலிருந்து வந்தவர்களுக்கு அது அரண்மனை. கட்டடங்களுக்கு நடுவே, தரைக்கடியில் பிங்கோ என்ற எண் விளையாட்டுக்கு ஒரு கூடம் இருந்தது. கப்பல் போல உள்ளலங்காரம் செய்த ஒரு மதுக்கடையும் இருந்தது. பலத்த காற்றில் மேல்மாடிகள் அசையும், கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் ஆடும். பழைய குடியிருப்பாளர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். எஃகுக் கட்டடம் அசைய வேண்டும், அசையாவிட்டால்தான் ஆபத்து. ஆனால் அதை யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லி வைக்கவில்லை.

டெனமென்ட் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முற்றத்தில் விளையாடும் பிள்ளை "அம்மா, பசிக்குது" என்று கத்தும். அம்மா ரொட்டியில் ஜாம் தடவி, தாளில் சுற்றி, மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வீசுவாள். பிள்ளை பிடித்துத் தின்னும். இருபதாவது மாடியிலிருந்து அது முடியாது. இதைக் கேலி செய்து அந்தக் காலத்தில் ஒரு நாட்டுப்புறப் பாட்டே வந்து ஊரெங்கும் பரவியது. வேடிக்கையான பாட்டு. அதற்குள் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது. ஜாம் ரொட்டி வீசும் தாய் அதே ஜன்னலிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். அடுத்த வீட்டுப் பாட்டியும் பார்த்தாள். முப்பதாவது மாடிக்கு முற்றம் தெரியாது, குரல் கேட்காது. தாய் ஒன்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு லிஃப்டில் அனுப்ப வேண்டும்.

குழந்தையுள்ள குடும்பங்களைத்தான் அங்கே குவித்தார்கள், அவர்களுக்குத்தான் அவசரத் தேவை. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். சுற்றிலும் விளையாட்டு மைதானமும் கடையும் கூடும் இடமும் போதாது. அங்கே கிடைத்த மிக சுவாரசியமான விளையாட்டுப் பொருள் லிஃப்ட். எல்லாப் பொத்தானையும் அழுத்துவது, கதவில் காலை வைத்துப் பிடிப்பது, மாடிக்கு மாடி ஓடிப் பிடிப்பது. லிஃப்ட் கெட்டது. பழுது பார்க்க ஆள் வரத் தாமதமாகும். நான்கு மாடி வீட்டில் படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால் எரிச்சல், அவ்வளவுதான். 31 மாடியில் லிஃப்ட் நின்றால் கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் மளிகைப் பையும் இருக்கும் பெண் கீழேயே நிற்கிறாள். முதியவர் நாள் கணக்கில் மேலேயே கிடக்கிறார். ஒரே கட்டடத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களும் அந்தப் பெட்டிகளை நம்பித்தான் வெளியே போக வேண்டும்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள யார் பணம் கொடுப்பது? கோபுரம் கட்ட அரசு மானியமும் கடனும் கிடைத்தன. நடத்துவதற்கு வாடகைதான். கிளாஸ்கோ மாநகராட்சி வாடகையைப் பல பத்தாண்டுகளாகக் குறைவாகவே வைத்திருந்தது. அது அரசியல் வாக்குறுதி, ஏழைகளுக்கு நல்லதும்கூட. ஆனால் வந்த வாடகையில் பெரும் பங்கு கட்டிய கடனின் வட்டிக்கே போயிற்று. மிச்சத்தில் டெனமென்ட், தோட்ட வீடு, கோபுரம் எல்லாவற்றையும் பராமரிக்க வேண்டும். டெனமென்டைப் புறக்கணித்தால் அது மெல்ல மெல்ல அழியும், பத்து ஆண்டுகூடத் தாங்கும். கோபுரம் ஒரு மாதப் புறக்கணிப்பைக்கூடத் தாங்காது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எழுத அன்றைய பதிவேட்டில் கட்டமே இல்லை. ரெட் ரோட்டின் கதையில் குற்றவாளி யார் என்று என்னைக் கேட்டால், அந்தக் கட்டமில்லாத பதிவேட்டைத்தான் காட்டுவேன்.

1977 ஆகஸ்டில் ஒரு கோபுரத்தின் மேல்மாடியில் காலி வீடு ஒன்றில் சிலர் தீ வைத்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கட்டடத்தின் எஃகு நின்றது, மக்களின் மனம் நிற்கவில்லை. வெளியேறிய குடும்பங்களில் பலர் திரும்பி வர மறுத்தார்கள். தீ பிடித்தது காலி வீட்டில் என்பதை மறக்கக்கூடாது. ஏற்கெனவே வீடுகள் காலியாகத் தொடங்கியிருந்தன. காலி வீடு விஷமத்தை அழைத்தது, விஷமம் மேலும் வீடுகளைக் காலி செய்தது.

யாரும் வேண்டாத வீடு, யாருக்கும் வேண்டாதவர்கள்

1980களில் இரண்டு கோபுரங்கள் குடும்பங்களுக்கு ஏற்றவையல்ல என்று முடிவாகி, ஒன்று மாணவர்களுக்கும் ஒன்று ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் போயின. அப்புறம் ஒரு நல்ல மாற்றம் வந்தது. வாசலில் ஆள் உட்கார வைத்தார்கள், பூட்டிய கதவு, கேமரா. இந்தக் காவலாளி ஏற்பாட்டை அங்கே 'கன்சியர்ஜ்' என்றார்கள். வந்து போகிறவரைக் கேட்க ஒருவர், லிஃப்ட் நின்றால் உடனே தகவல் சொல்ல ஒருவர். இருந்தவர்களில் பலர் நிலைமை தேறியதாகவே சொன்னார்கள். தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது அது. முதல் தலைமுறை போன பிறகு வந்தது.

1999 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டன் அரசு, புகலிடம் கோருவோரை லண்டனிலிருந்து பிற நகரங்களுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கியது. கிளாஸ்கோவிடம் காலி வீடுகள் நிறைய, அவற்றில் பல யாரும் எடுக்காத உயர்மாடி வீடுகள். ரெட் ரோடும் நகரத்தின் இன்னொரு கோபுரக் குடியிருப்பான சைட்ஹில்லும் கொசோவோவிலிருந்தும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்தும் வந்தவர்களால் நிரம்பின. முன்னறிவிப்பும் தயாரிப்பும் இல்லாமல் நடந்ததால் உரசல் எழுந்தது. 2001இல் சைட்ஹில்லில் ஒரு குர்து இளைஞர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு உள்ளூர்க்காரர்களும் வந்தவர்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். ஸ்காட்ஸ்டனின் கிங்ஸ்வே கோபுரங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புகலிடம் மறுக்கப்பட்ட குடும்பங்களை அதிகாலையில் பிடித்துப்போக அதிகாரிகள் வரும்போது, பழைய ஸ்காட்டிஷ் குடியிருப்பாளர்களே கண்விழித்துக் காவல் நின்று எச்சரித்தார்கள். உயர்மாடியில் அண்டை வீட்டு உறவு இருக்காது என்று எழுதியவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. ஒரு நல்ல காரணம் கிடைத்தால் லிஃப்டிலும் உறவு வளரும்.

2010 மார்ச்சில் ரெட் ரோட்டில் புகலிடம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் மூவர் உயிரிழந்தார்கள். அண்டை வீட்டார் கட்டடத்தடியில் மலர் வைத்துக் கூடி நின்றார்கள்.

விற்பனை, கயிறு, விழா

2002இல் மாநகராட்சிக் குடியிருப்பாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த ஆண்டு 80,000க்கும் மேற்பட்ட வீடுகள் கிளாஸ்கோ ஹவுசிங் அசோசியேஷன் என்ற புதிய அமைப்புக்கு மாறின. பழைய கடனை மைய அரசு ஏற்றுக்கொண்டது. புதிய அமைப்பு கணக்குப் பார்த்தது. ரெட் ரோடு சரிப்படாது என்று 2005இல் அறிவித்தது. பராமரிப்புச் செலவு வாடகையைத் தின்றுவிடுகிறது என்பது காரணங்களில் ஒன்று. கட்டி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஒருவழியாக அந்தக் கட்டத்தைப் பதிவேட்டில் போட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு வேடிக்கை. 2007இல் டிடியே பாஸ்கெத் என்ற பிரெஞ்சுக் கயிற்று நடைக்காரர் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கம்பி கட்டி நடக்க வந்தார். கொஞ்ச தூரம் போனார், காற்று விடவில்லை. அந்த உயரத்தில் கம்பி மேல் திரும்ப முடியாமல் பின்னோக்கியே நடந்து வந்து சேர்ந்தார்.

முதல் கட்டடம் 2012 ஜூனில் விழுந்தது, இரண்டாவது 2013 மே மாதத்தில். அப்புறம் வந்ததுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம். 2014 ஏப்ரல் தொடக்கத்தில், அந்த ஆண்டு கிளாஸ்கோவில் நடக்கவிருந்த காமன்வெல்த் விளையாட்டு விழாவை நடத்துபவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஜூலை 23 தொடக்க விழாவில் ஐந்து ரெட் ரோடு கோபுரங்களை நேரலையில் வெடி வைத்து வீழ்த்தி, செல்டிக் பார்க் அரங்கின் பெரிய திரையில் காட்டப் போகிறோம், இது நகரத்தின் மறுமலர்ச்சிக்கு அடையாளம் என்றார்கள். ஆறாவது கோபுரம்? அதை விட்டுவிடுவார்கள், அதில் புகலிடம் கோருவோர் இன்னும் இருக்கிறார்கள். அதாவது நகரத்தார் இருக்கத் தகுதியில்லை என்று ஐந்து கோபுரங்களை உலகத்தின் முன் கைதட்டி வீழ்த்துவது, அதே வரிசையின் ஆறாவதில் அகதிகளை வைத்துக்கொள்வது. இதை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நகரம் கொதித்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் கரோலின் லெக்கி தொடங்கிய மனுவில் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். எதிர்த்தவர்களில் பலர் அந்தக் கட்டடங்களை விரும்பியவர்கள் அல்ல. இடிக்கட்டும், ஆனால் என் வீட்டை வாணவேடிக்கை ஆக்காதே என்பதுதான் பேச்சு. பத்து நாளில், பாதுகாப்பைக் காரணம் காட்டித் திட்டத்தைக் கைவிட்டார்கள். இரண்டு கட்டடங்கள் பாதியில் நின்றுவிட்ட 2015 காட்சி அந்தத் தொடக்க விழாவின் நேரலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு நினைத்துப் பார்க்காதவர் கிளாஸ்கோவில் இருந்திருக்க மாட்டார்கள்.

பக்கத்துக் கோபுரங்கள்

ஒரு நிகழ்வை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. அதே நகரத்தில், அதே காலத்தில் எழுந்த மற்றவற்றையும் பார்க்க வேண்டும்.

கோர்பல்ஸில் சர் பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த ஹட்சஸன்டவுன் சி, 20 மாடி. வீட்டுக்கு வீடு பெரிய பால்கனிகள், தொங்கும் தோட்டம் வரப்போகிறது என்று சொல்லித் திறந்தார்கள். 1965இல் முடிந்தது, 1993இல் வெடி வைத்தார்கள். அன்று வேடிக்கை பார்க்க நின்ற ஒரு பெண் சிதறி வந்த துண்டு பட்டு இறந்தார். பக்கத்திலேயே ஹட்சஸன்டவுன் ஈ, தயார்நிலைப் பலகைகளால் கட்டியது. குடிவந்த கொஞ்ச காலத்திலேயே சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை. மாநகராட்சி, ஜன்னலைத் திறவுங்கள், கணப்பைப் போடுங்கள், குறை உங்கள் வாழ்க்கை முறையில் என்றது. மக்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த இடத்துக்கு 'டாம்பீஸ்', அதாவது ஈர வீடுகள், என்றே பெயர் நிலைத்தது. 1987இல் அதுவும் போயிற்று. இவற்றை உயரத்தின் தோல்வி என்று சொல்ல முடியாது. ஹட்சஸன்டவுன் ஈயில் இடிபட்டவற்றில் பெரும்பாலானவை தாழ்வான கட்டடங்கள்.

இன்னொரு பக்கம் கார்டோனால்டில் மாஸ் ஹைட்ஸ். 1950களின் தொடக்கத்தில் எழுந்த 10 மாடிக் கட்டடங்கள், கிளாஸ்கோ மாநகராட்சியின் முதல் உயர்மாடிகளில் சேர்ந்தவை. இன்றும் நிற்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனிஸ்லேண்ட் கோர்ட், 22 மாடி, 1960களின் இறுதியில் முடிந்தது. தரைத்தளத்தில் கடைகள், பக்கத்தில் ரயில் நிலையம், கலகலப்பான நாற்சந்தி. அதை உயர்ந்த வகைப் பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். செயின்ட் ஜார்ஜஸ் கிராஸ் பக்கத்தில் சீடர் கோர்ட் என்ற மூன்று 22 மாடிக் கோபுரங்கள், அதே 1960களின் சரக்கு. க்வீன்ஸ் கிராஸ் வீட்டுவசதிச் சங்கம் அவற்றை இடிக்காமல் சுற்றிலும் கனமான வெப்பக் காப்பு போர்த்தி, ஜன்னல்களை மாற்றி, கணப்புச் செலவு மிகக் குறைவாக ஆகும்படி செய்தது. வயதும் உயரமும் ஒன்றேதான். நடத்தும் ஆள் வேறு.

கிளாஸ்கோவை விட்டு அபர்டீனுக்குப் போனால் இன்னும் தெளிவு. அங்கே இவற்றை 'மல்ட்டிஸ்' என்பார்கள். அவற்றில் பல நகர மையத்திலேயே கடைகளுக்கு நடுவே கட்டியவை, பராமரிப்பிலும் குறை வைக்கவில்லை. 2021இல் ஸ்காட்லாந்தின் வரலாற்றுச் சூழல் அமைப்பு கில்கம்ஸ்டன் லேண்ட், போர்ட்ஹில் கோர்ட், சீமவுன்ட் கோர்ட் உள்ளிட்ட எட்டுக் கோபுரங்களை ஏ என்ற உயர்ந்த வகைப் பாரம்பரியக் கட்டடங்களாக அறிவித்தது. மாநகராட்சிதான் எதிர்த்தது. பட்டியலில் சேர்த்தால் பழுது பார்ப்பது கடினம், செலவு கூடும் என்றது. பராமரிப்பில் பெயர் வாங்கிய நிர்வாகம் அப்படிக் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. கௌரவப் பட்டம் லிஃப்டைச் சரிசெய்யாது.

மேரிஹில்லில் பழைய ராணுவ முகாம் நிலத்தில் எழுந்த வின்ட்ஃபர்டு குடியிருப்பின் 26 மாடிக் கோபுரங்களில் மூன்றை 2025 மார்ச்சில் வீழ்த்தினார்கள். அதற்கு முன் சில ஆண்டுகள் அங்கே நடந்த சண்டையில் ஒரு பகுதியினர், இடிக்க வேண்டாம், சீர்திருத்துங்கள், புதிய கான்கிரீட் வார்ப்பதைவிட இருப்பதைக் காப்பது மேல் என்று வாதாடினார்கள். வீட்டுவசதி நிறுவனம் அவை சின்ன வீடுகள், யாரும் எடுப்பதில்லை என்றது. 1960இல் கேட்காத கேள்விகள் இப்போதாவது கேட்கப்படுகின்றன: நடத்த எவ்வளவு, சூடேற்ற எவ்வளவு, யார் தருவார்கள். பதிலில் ஒற்றுமை இல்லை, விழுந்தது விழுந்ததுதான்.

இதற்கிடையே நகர மையத்தில் புதிய உயரங்கள் எழுகின்றன. பெரும்பாலும் மாணவர் விடுதிகளும் தனியார் வாடகை வீடுகளும். வாசலில் வரவேற்பாளர், லிஃப்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம், எல்லாம் மாத வாடகைக்குள் அடக்கம். அந்த வாடகை, ரெட் ரோட்டில் ஒரு காலத்தில் 4,700 பேர் கொடுத்த மாதிரியான வாடகை அல்ல.